குவித்து அளந்த படி

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்து, வந்த உறவெல்லாம் பஸ் ஏறிய பிறகு, அம்மா கூடத்தில் ஒரு பாயை விரித்து அவருடைய சாமான்களை வரிசையாக வைத்தாள். சொத்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் காலமெல்லாம் அரிசி விற்றவரிடம் வேறு என்ன இருக்கும்? மூட்டையில் குத்தி மாதிரி அரிசி எடுத்துப் பார்க்கும் குத்தூசி. மூடி தொலைந்த டீ பிளாஸ்க். தொழுகை விரிப்பு. அவர் உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பாகிப் போன மர நாற்காலி. அப்புறம், அந்தப் படி.

"யாருக்கு எது வேணுமோ இப்பவே எடுத்துக்குங்க. அப்புறமா அவளுக்குக் குடுத்தாங்க, எனக்குக் குடுக்கலன்னு எந்தலைய உருட்டாதீங்க" என்றாள் அம்மா.

எடுத்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர்தான், நானும் என் தம்பியும். கடையை இப்போது தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். அதனால் நாற்காலியும் குத்தூசியும் பேச்சே இல்லாமல் அவன் பக்கம் போயின. விரிப்பை அம்மா யாரையும் தொட விடவில்லை. பிளாஸ்க்கை நான் எடுத்துக்கொண்டேன். படியின் மேல் மட்டும் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் விழுந்தது.

"இது கடைச் சாமான்க்கா. கடையிலதானே இருக்கணும்?" என்றான் தம்பி.

"நீதான் பட்டனத் தட்டுற தராசு வெச்சிக்கினு கீறியே. இத வெச்சி இன்னா பண்ணப் போற, சாம்பிராணி போடப் போறியா?" என்றேன் நான்.

அவனுக்குச் சுருக்கென்றது. "சரி, நீயே வெச்சிக்க. ஒனக்கப்புறம் அது யாருக்குப் போவும்?" என்று கேட்டுவிட்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில். 'உனக்கப்புறம் மட்டும் யாருக்குப் போகும்?' என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, அவனுக்குப் பின்னால் டீ டம்ளர்களோடு அவன் மனைவி நின்றிருந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கி, இரண்டு முறையும் பாதியிலேயே கலைந்துபோனது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன். எனக்குத் தெரிந்து நான் விழுங்கிய வார்த்தைகள் ரொம்பக் கம்மி, அதில் அது ஒன்று.

அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "படி அவளுக்குத்தான். வருஷா வருஷம் நோன்புக் கடைசியில பித்ரா அரிசி அளக்கப் பை புடிச்சவ அவதானே." தம்பி உம்மென்று எழுந்து போனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பகிர்ந்து விளையாடச் சொல்லும் டீச்சரான நான், படியை மடியில் வைத்துக்கொண்டு மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

அது இரும்புப் படி. வாயைச் சுற்றியும் அடியைச் சுற்றியும் பித்தளைப் பட்டை. எத்தனை தேய்த்தாலும் உள்ளே தவிட்டு வாசனை போகாது. வயிற்றில் ஒரு நசுங்கல் இருக்கிறது. அது என் கைங்கரியம், சரியாகச் சொன்னால் என் கால் செய்த வேலை. சின்ன வயதில் படியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, கடையின் மேல் தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை எட்டினேன். டின்னும் நானும் படியும் ஒன்றாக வாசலில் போய் விழுந்தோம். அத்தா ஓடி வந்தார். எனக்கு அடிபட்டதா என்று ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் படியில் தண்ணீரை ஊற்றி, அதை அளவு தெரிந்த இன்னொரு பாத்திரத்தில் கொட்டி, நசுங்கினதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகையை ஏற்றிக்கொண்டே போனேன். அவர் நிமிரவில்லை.

கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அவர் அந்தப் படியில் தலை தட்டி அளந்ததில்லை. வாய்க்கு மேலே கோபுரமாகக் குவித்து, அதற்கு மேல் நிற்காமல் சரியும் வரை போடுவார். "எம் பொண்ணு முழுங்கினதுக்கு நானு ஈடு கட்டணும்ல" என்று வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குவார். கல்வராயன் மலையிலிருந்து வாரச் சந்தைக்கு இறங்கி வருபவர்கள் கிலோவாகக் கேட்க மாட்டார்கள், படியாகத்தான் கேட்பார்கள். அவர்களுக்குக் குவித்ததற்கு மேலும் ஒரு பிடி போடுவார். எங்கள் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். "நீங்க கம்மின்னா நாளைக்கே வந்து என் சட்டையப் புடிக்கலாம். அவங்க அதுக்கு ஒரு வாரம் கழிச்சில்ல பஸ் ஏறணும்?" என்பார் அத்தா.

கடைத்தெருவில் மற்ற வியாபாரிகள் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்பார்கள். அத்தா 'பரக்கத்து' என்பார், அல்லாஹ் தரும் பெருக்கம் என்று அர்த்தம். பரக்கத்து, ரெண்டு, மூணு என்று போகும் கணக்கு. பால்வாடியில் ஒன்று இரண்டு சொல்லச் சொன்னபோது நானும் பரக்கத்து என்றுதான் ஆரம்பித்தேனாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

படிக்கு உண்மையான வேலை நோன்பு மாதக் கடைசியில்தான். பெருநாள் தொழுகைக்குப் போவதற்குள், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு தானியம் என்று இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் ஃபித்ரா. ஊரில் நிறையப் பேர் ஆளுக்கு இவ்வளவு பணம் என்று பள்ளிவாசலில் கட்டிவிடுவார்கள். அரிசிக் கடைக்காரர் பணமாகக் கட்டுவாரா? கடைசி நோன்பன்று சாயங்காலம் மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து, தலைக்கு ஒரு துணிப்பை என்று வைத்து, தன் கையால் அளப்பார். பையின் வாயை விரித்துப் பிடிப்பது என் வேலை. முதல் பை எப்போதும் அவருக்கு. "மொதல்ல எங்கணக்கத் தீத்துடுறேன், அப்புறம் ஒங்க பாடு" என்பார். அடுத்தது அம்மாவுக்கு. "நல்லாக் குவிச்சிப் போடணும். அவ பேசுற பேச்சுக்குக் கம்மியாப் போட்டா நியாயமா?" பிறகு எனக்கு. "டீச்சரம்மாவுக்குக் கோவத்துக்கும் சேத்து ஒரு பிடி ஜாஸ்தி." பிறகு தம்பிக்கு. தம்பிக்குக் கல்யாணமான பிறகு அவன் மனைவிக்கும் ஒரு பை. ஐந்து பை சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தால்தான் எங்கள் வீட்டில் பெருநாள் வந்த மாதிரி இருக்கும்.

பாகம் பிரித்த மறுநாளே நான் படியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். கரியாலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வார நாட்களில் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்குகிறேன், சனி ஞாயிறு கீழே வருவேன். படியை அறையில் என்ன செய்வது? மேஜைமேல் வைத்து, பேனாக்களையும் அடிஸ்கேலையும் செருகி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மோர் கொடுக்க வந்தவள், மோரைக் கீழே வைக்க மறந்து படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரு, இது கீழ அரிசிக் கடை பாயி படி இல்ல? இந்த நசுங்கல எனக்குத் தெரியுமே. நீங்க பாயி பொண்ணா? இத்தினி நாளா சொல்லவே இல்ல?"

"ஆமாக்கா."

"பாயி நல்லாகீறாரா?"

சொன்னேன். அவள் அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, பேனாக்களையெல்லாம் உருவி மேஜைமேல் போட்டுவிட்டுப் படியைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அதில் அவள் காட்டில் விளைந்த சாமை கோபுரமாக இருந்தது. "அவுரு எங்களுக்குப் போட்ட மாதிரியே போட்டுக்கீறேன், பாத்துக்குங்க" என்றாள். அத்தா போனதற்குக் கள்ளக்குறிச்சியில் நான் அழவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு, பாத்திரம், நாற்காலி என்று ஓடியதில் நேரம் இல்லாமல் போனது. கரியாலூரில் அந்தச் சாமையைக் கையில் அள்ளிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அக்காவும் கூட உட்கார்ந்து அழுதாள்.

இது நடந்து கொஞ்ச நாளில் தம்பி மனைவி மறுபடியும் உண்டானாள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பேசக் கூடாது என்று ஆகிவிட்டது. உத்தரவு போட்டவள் தம்பி மனைவியேதான். முன்பெல்லாம் அவள் சிரித்தால் தெருமுனையில் கேட்கும். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே குரல் உயர்ந்துபோனவள். முதல் தடவை உண்டானபோது மூன்றாம் மாதமே குட்டிக் குட்டிச் சட்டைகளாகத் தைத்து அடுக்கினாள். இரண்டாவது தடவை இரண்டு சட்டை தைத்தாள். இந்தத் தடவை ஊசியில் நூல் கோக்கவில்லை. அம்மா அத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "மாமி, அதெல்லாம் உள்ள வெச்சிருங்க. கையில வந்த பொறவு பாத்துக்கலாம்" என்றாளாம். வளையல் போடுகிறோம் என்று அவள் அம்மா கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். மணலூர்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், அவ்வளவு தூரம் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தே இருக்க வேண்டும். கூடத்து ஜன்னலோரம் அவளுக்கு ஒரு கட்டில் போட்டோம். அதில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தம்பி அவளுக்கு மேல். பக்கத்துக் கடைக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. யாராவது ஜாடையாகக் கேட்டால், "இன்னிக்கு அரிசி வெல கேட்டியா?" என்று பேச்சை மாற்றுவான். நான் சனிக்கிழமை வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கதை, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்வேன். வயிற்றைப் பற்றி மட்டும் கேட்க மாட்டேன். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு உள்ளுக்குள் பயம். அந்தப் பெண் இன்னொரு முறை தாங்க மாட்டாள் என்று பயம்.

ஏழாம் மாதம் நடக்கும்போது நோன்பு வந்தது. கடைசி நோன்புக்கு விடுமுறை கிடைத்ததும் படியில் இருந்த சாமையை ஒரு பையில் கொட்டிக்கொண்டு, படியை மடியில் வைத்து, பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கி வந்தேன். அத்தா இல்லாத முதல் பெருநாள். அம்மா போன வருஷத்துப் பைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். தம்பி கடையிலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். "நீயே அளக்கா. எனக்குப் பட்டனத் தட்டத்தானே தெரியும்?" என்றான். இன்னும் ஆறவில்லை அவனுக்கு. பெருநாள் சரக்கு பார்க்க மறுபடியும் கடைக்குப் போனான்.

அம்மா பை பிடித்தாள். நான் அளந்தேன். பரக்கத்து என்று முதல் படியைப் போட்டேன். அதற்குப் பிறகு வாய் மூடிக்கொண்டது, கைதான் வேலை செய்தது. குவிக்கும்போது அரிசி சரியும் அந்தச் சத்தம், மேலே எழும் தூசி, எல்லாமே பழகியது. பை நிரம்ப நிரம்ப அம்மா கட்டிச் சுவரோரம் வைத்தாள். இரண்டு பேருமே எதையும் எண்ணவில்லை. பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெருப் பிள்ளைகள் தூக்குப் பாத்திரத்தோடு ஓடினார்கள். தம்பி மனைவி ஒருக்களித்துப் படுத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோன்பு திறப்பதற்குள் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தம்பி அவசரமாக வந்தான். இரண்டு பையைத் தூக்கியவன் நின்றான். மீதியைப் பார்த்தான்.

"இன்னாக்கா, அஞ்சு இருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. அம்மா, நான், தம்பி, தம்பி மனைவி. அவ்வளவுதான். அப்புறம்தான் உறைத்தது. நான் அத்தா அளந்த வரிசையிலேயே அளந்திருக்கிறேன். மொதல்ல எங்கணக்கு என்று அவர் போட்டுக்கொள்ளும் பையை முதலில் போட்டிருக்கிறேன். இருப்பவர்களுக்கு மட்டுமே உண்டான அரிசியை, எட்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் கொண்டுபோய் அடக்கம் செய்தவருக்கு அளந்து, வாய் கட்டி, வரிசையில் வைத்தாயிற்று. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வயசான காலத்தில் அவளை அழவைத்துவிட்டேனே என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. நல்ல நாளும் அதுவுமாக அறிவு எங்கே போயிற்று? சடாரென்று ஒரு பையை இழுத்து முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"வுடு அத. அளந்தத மூட்டையில திருப்பிக் கொட்டாத. ஒங்கத்தா என்னிக்காச்சும் கொட்டிப் பாத்துக்கீறியா?" என்றாள் அம்மா.

"அப்ப இத இன்னா பண்றது?" என்றேன். குரல் என்னையறியாமல் கத்தலாக வந்தது.

தம்பி என் பக்கத்தில் குந்தினான். இத்தனை நாள் முறைப்பு அவன் முகத்தில் இல்லை. "இதுக்குப் போயி ஏங்க்கா கத்துற? மவுத்தானவங்களுக்குப் பித்ரா கெடையாது. அத்தா பேர்ல சும்மா தர்மமா குடுத்துடலாம். அவருக்கும் நன்மதானே" என்றான். சரியான யோசனைதான். அம்மாவும் தலையாட்டினாள்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "மாமா பேர்ல நாளைக்கு வேற குடுங்க. அந்தப் பை எம் புள்ளைக்கு இருக்கட்டும்."

மூன்று பேரும் திரும்பினோம். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். ஏழு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். தம்பி பையைத் தரையில் வைத்துவிட்டான்.

"வயித்துல கீறதுக்கும் பித்ரா உண்டாம்மா?" என்று அவளிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டான்.

"கட்டாயம் இல்ல. குடுத்தா நல்லது" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீ வயித்துல இருந்தப்ப ஒனக்கும் அளந்தாரு ஒங்கத்தா. இதே படியிலதான்."

தம்பி எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "பயமா இல்லியா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"பயமாத்தான் கீது. அதுக்காவ அதக் கணக்குலயே சேக்காம இருந்தா எப்புடிங்க? பாவம், அது இன்னா பண்ணுச்சி?" என்றாள் அவள். அழுதாள், கூடவே சிரித்தாள். நான் படியை எடுத்து மூட்டையிலிருந்து ஒரு முறை அள்ளி, அவள் சுட்டிக்காட்டிய பைக்குள் அதையும் போட்டேன். ஒரு பிடி ஜாஸ்தி இருக்கட்டும் என்று நினைத்துப் போட்டது, அள்ளிய வேகத்தில் அரைப் படிக்கு மேல் போய்விட்டது. அம்மா பையின் வாயை மறுபடியும் கட்டினாள்.

ஐந்து பையை ஒருவர் தூக்க முடியாது. தம்பி மூன்று, நான் இரண்டு. தெருக் கடைசியில் இடியாப்பம் விற்கும் அம்மா ஒருத்தி மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கரையேற்றுகிறாள். அத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு ஃபித்ரா அவளுக்குத்தான். நாங்கள் வாசலில் பைகளை இறக்கியதும் அவள் வெளியே வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"பாயி இருந்தப்பவும் அஞ்சு, இப்பவும் அஞ்சா? டீச்சரம்மா, தெரியாம அளந்துட்டீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். இத்தனை மாதமாக யாரிடமும் மூச்சு விடாமல் இருந்த என் தம்பி, தெருவில் போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படியான குரலில் எனக்கு முந்திக்கொண்டான்.

"சரியாத்தாங்க அளந்துக்கீது. எங்க வூட்ல அஞ்சு பேருதான். ஒருத்தரு வந்துக்கினு இருக்காரு."